வாசகர் கேள்வி – பதில்: கவுன்டருக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி

அமெரிக்காவில் கடைகளிலும் கேஸ் ஸ்டேஷன்களிலும் (நம் ஊர் பெட்ரோல் பங்க்) வேலை பார்ப்பவர்கள் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். அங்கே இந்தச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், நடவடிக்கை எதுவும் எடுப்பதற்கு முன் அந்தந்த மாநில வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.

என் மகன் டெக்சாஸில் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறான். கைச்செலவுக்காக வார இறுதி இரவுகளில் நம்மவர் ஒருவரின் கேஸ் ஸ்டேஷனில் கல்லாவில் உட்காருகிறான். முதலாளி கவுன்டருக்கு அடியில் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறாராம். "யாராவது மிரட்டினால் எடுத்துக் காட்டு, டெக்சாஸில் உரிமம் எதுவும் தேவையில்லை" என்று சொல்லியிருக்கிறாராம். இது சரிதானா? – ஒரு தாய், நாமக்கல்

முதலாளி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உங்கள் மகனுக்குப் பொருந்தாது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் பெறாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனால் மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் அந்நாட்டுக்குள் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை விலகுவதில்லை. முன்பு 10 ஆண்டுகளாக இருந்த அதிகபட்சச் சிறைத்தண்டனை, 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டுகளாக உயர்ந்திருக்கிறது. எஃப்-1 மட்டுமல்லாமல் எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்களின் குடும்பத்தினருக்கானது), ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா) ஆகியவையும் இதில் அடங்கும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

துப்பாக்கி தன்னுடையது அல்ல, முதலாளியுடையது என்று சொல்லித் தப்பிக்கலாம் என உங்கள் மகன் நினைக்கக்கூடும். சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பதை வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தும் எண்ணத்தோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று அரசுத் தரப்பு நிரூபித்தால், அதுவே வைத்திருந்ததற்குச் சமம். "எடுத்துக் காட்டு" என்று முதலாளி சொன்னதும், உங்கள் மகன் அதற்குத் தலையாட்டியதும் அந்த எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடும். தடை உள்ளவர் என்று தெரிந்தே ஒருவரிடம் துப்பாக்கியை ஒப்படைக்கும் முதலாளியும் வழக்கில் சிக்கலாம்.

இந்தச் சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு; அவற்றுள் ஒன்று வேட்டை உரிமம் பெற்றிருப்பவர்களுக்கானது. மாணவர்கள் மத்தியில் இதை ஒரு குறுக்குவழியாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வேட்டைக்காரர்களுக்காக வகுத்த விலக்கைக் கேஸ் ஸ்டேஷன் கவுன்டருக்கு இழுத்து வந்து, ஒரு நீதிபதி அதை ஏற்றுக்கொள்வார் என்று நம்பி, படிப்பையும் எதிர்காலத்தையும் பணயம் வைக்கலாகாது. 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ரெஹைஃப் வழக்கை இங்கே நினைவூட்டலாம். மாணவர் விசாவில் வந்த ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பின் ஃபுளோரிடாவில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குச் சென்று இலக்குப் பலகையைச் சுட்டார். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கே அவர் மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. தன் குடியேற்ற நிலை என்ன என்பதை அவர் அறிந்திருந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் எனச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தாம் எஃப்-1 விசாவில்தான் இருக்கிறோம் என்பது உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அந்தத் தீர்ப்பு அவருக்குக் கை கொடுக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எஃப்-1 மாணவர் உரிய அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை செய்வதே விசா விதியை மீறுவதாகும். படிப்புக்குப் பிந்தைய அனுமதியும் படித்த துறை சார்ந்த வேலைக்குத்தான் செல்லும். கல்லாவில் உட்காருவது அதில் சேராது. ஆகவே கொள்ளை நடந்தால்கூடப் போலீசை அழைக்கத் தயங்கும் நிலையில் அவர் இருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு பையனின் அருகில் துப்பாக்கியை வைத்துவிட்டு முதலாளி வீட்டுக்குத் தூங்கப் போவதில் அக்கறை எதுவும் இல்லை. இரவில் இன்னொரு ஆளை அமர்த்தும் சம்பளத்தை அவர் மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான். உங்கள் மகனை அந்த வேலையிலிருந்து உடனே விலகச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தை அணுகி, வளாகத்துக்குள் என்ன வேலை கிடைக்கும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்காவில் அரசியலமைப்பு உரிமை என்கிறார்கள். அப்படியிருக்க, துப்பாக்கி வைத்திருந்த ஊழியரைக் கடை நிர்வாகம் எப்படி வேலையை விட்டு நீக்க முடிகிறது? – வாசகர், கோயம்புத்தூர்

அந்த உரிமையைச் சொல்லும், 1791இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளியை அல்ல. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கிலும், வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று 2022இல் புரூவன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இவ்விரு வழக்குகளிலும் எதிரே நின்றது அரசு. கடைக்காரர் தம் கடைக்குள் என்ன அனுமதிப்பது என்பதை இந்தத் தீர்ப்புகள் தொடவில்லை. அதோடு மொன்டானாவைத் தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தம் ஏதும் இல்லாத ஊழியரைத் தனியாகக் காரணம் காட்டாமலே நீக்கலாம் என்பதுதான் பொது விதி.

2011இல் மிச்சிகனில் நடந்தது இதை நன்றாக விளக்கும். பெரிய சங்கிலி மருந்துக் கடை ஒன்றில் விடியற்காலைப் பணியில் இருந்த மருந்தாளுநர், ஆயுதத்தோடு நுழைந்த கொள்ளையரை நோக்கித் தம் கைத்துப்பாக்கியால் சுட்டார். அதை மறைத்து எடுத்துச் செல்ல அவரிடம் அரசு உரிமம் இருந்தது. அவர் மீது குற்ற வழக்கு இல்லை. வேலை மட்டும் போய்விட்டது. நிர்வாகத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு 2014இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சட்டம் உங்களைக் குற்றவாளி ஆக்கவில்லை என்பதால் உங்கள் வேலை காப்பாற்றப்பட்டுவிடும் என்று பொருளாகாது என்பதே அந்த வழக்கின் சாரம்.

இதில் ஒரு முரண் இருப்பதை மறுக்க முடியாது. பல மாநிலங்களில், கடைக்காரர் தடுக்காத வரை, வாடிக்கையாளர் இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே வந்து பால் வாங்கிச் செல்லலாம்; அந்தப் பாலுக்கு பில் போடும் பெண் தம் கைப்பையில் அதையே வைத்திருந்தால் வேலை போய்விடும். டெக்சாஸில் வாடிக்கையாளரின் துப்பாக்கியைத் தடுக்க விரும்பும் கடைக்காரர் வாசலில் வைக்கும் அறிவிப்புப் பலகைக்குக்கூடச் சட்டம் அளவு வகுத்திருக்கிறது: ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். ஊழியரைத் தடுக்கவோ பணி விதிக் கையேட்டில் ஒரு வரி போதும்.

ஊழியர்கள் ஓரளவு வென்றிருப்பது வண்டி நிறுத்துமிடத்தில்தான். ஓக்லஹோமாவில் ஒரு காகித ஆலை, வெளியே நின்ற கார்களைச் சோதனையிட்டு, அவற்றில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை 2002இல் நீக்கியது. அதைத் தொடர்ந்து 2004இல் அந்த மாநிலம், பூட்டிய காருக்குள் இருக்கும் துப்பாக்கியை முதலாளி தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்போது 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருக்கிறது. காரில் பூட்டி வைத்த துப்பாக்கி கவுன்டரில் நிற்பவருக்குக் கொள்ளை நேரத்தில் பயன்படப் போவதில்லை. வேலைக்கு வந்து போகும் வழிக்குத்தான் அது துணை.

சட்டம் கிடக்கட்டும். நிராயுதபாணியாக நிற்பவரைவிடத் துப்பாக்கி வைத்திருப்பவர் பாதுகாப்பாக இருப்பார் என்பது சாதாரண அறிவு அல்லவா? – வாசகர், மதுரை

கேட்ட மாத்திரத்தில் அப்படித்தான் தோன்றும். கொள்ளை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வருபவர் துப்பாக்கியை ஏற்கெனவே நீட்டியபடிதான் வருகிறார். எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்பதை அவர் தீர்மானித்திருக்கிறார். கவுன்டரில் இருப்பவரோ ஒரு கையில் சில்லறையும் மறுகையில் சிகரெட் பெட்டியுமாக நிற்கிறார். அவர் குனிந்து கவுன்டருக்கு அடியில் கையை விடும் அந்த ஒரு நொடியில், பணத்துக்காக வந்தவர் உயிருக்குப் பயந்தவராக மாறிவிடுகிறார். பணத்தைக் கொடுத்துவிடுங்கள், எதிர்க்காதீர்கள் என்று சங்கிலிக் கடைகள் ஊழியருக்குப் பயிற்சி அளிப்பதற்கு வழக்குப் பயமும் காப்பீட்டுக் கணக்கும் காரணங்கள்தாம். ஆனால் அந்த அறிவுரையில் நியாயமும் இருக்கிறது.

வட கரோலினாவில் பணியிடக் கொலைகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்த பணியிடங்களில் கொலை நடக்கும் வாய்ப்பு, எல்லா ஆயுதங்களையும் தடை செய்த இடங்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டது. ஆபத்தான பகுதியில் இருக்கும் கடைதான் துப்பாக்கியை அனுமதிக்கும், ஆகவே காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுகிறார்கள் என்று இதை எதிர்ப்பவர்கள் வாதிடலாம். வேறு ஆபத்துக் காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது என்பது ஆய்வாளர்களின் பதில். ஆனால் அந்த மதிப்பீட்டின் வீச்சு பெரியது. இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம், பதின்மூன்று மடங்காகவும் இருக்கலாம். எனவே ஐந்து என்ற எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதே முக்கியம்.

சுட்ட பிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2009 மே மாதம் ஓக்லஹோமா நகரில் ஒரு மருந்துக் கடைக்குள் இரண்டு சிறுவர்கள் கொள்ளையடிக்க நுழைந்தார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி இருந்தது. மருந்தாளுநர் சுட்டதில், ஆயுதம் இல்லாத 16 வயதுப் பையன் தலையில் குண்டு பட்டு விழுந்தான், மற்றவன் ஓடிவிட்டான். ஓடியவனை வெளியே துரத்திச் சென்று திரும்பிய மருந்தாளுநர், தரையில் கிடந்தவனைக் கடந்து கவுன்டருக்குப் போய், வேறொரு துப்பாக்கியை எடுத்து வந்து அவன் மீது மேலும் ஐந்து முறை சுட்டார். எல்லாம் கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது. முதல் குண்டு தற்காப்பு என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. பின்னால் சுட்டதற்காக 2011இல் அவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார். அபாயம் நீங்கிய கணத்தில் தற்காப்பு உரிமையும் நீங்கிவிடுகிறது. உடல் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தக் கணத்தை அறிந்து கையை நிறுத்துவது எளிதல்ல. பொருளைத் திருடிக்கொண்டு ஓடுபவரைச் சுடுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. இரவு நேரத் திருட்டில் சில சூழ்நிலைகளுக்கு இடம் தரும் டெக்சாஸ் இதில் விதிவிலக்கு.

எதிர்த்தரப்புக்கும் சொல்ல உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சுச் சாற்றுப் புட்டியைத் திருடுவதாக நினைத்து, 15 வயதுக் கறுப்பினப் பெண்ணைக் கொரிய வம்சாவளிக் கடைக்காரப் பெண்மணி சுட்டுக் கொன்றார். இறந்த பெண்ணின் கையில் இரண்டு டாலர் பணம் இருந்தது. கடைக்காரருக்குச் சிறைவாசம் இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் அபராதமும் விதிக்கப்பட்டன. அந்தக் கோபமும் சேர்ந்து மூண்ட 1992 கலவரத்தில் 2,000க்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் சேதமடைந்தபோது, போலீஸ் வராத தெருக்களில் கடைக்காரர்கள் தாங்களே துப்பாக்கியோடு கூரை மேல் நின்றார்கள். அந்த நாட்களில் அவர்களிடம் போய் ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அழைத்தால் ஷெரீஃப் (உள்ளூர்க் காவல் அதிகாரி) வந்து சேர நெடுநேரம் ஆகும் கிராமப்புறக் கடைக்காரரின் நிலையும் நகரத்துக் கடைக்காரரின் நிலையும் ஒன்றல்ல. ஆகவே துப்பாக்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தம் சொந்தக் கடையை, தம் சொந்தப் பொறுப்பில், பயிற்சி பெற்றுக் காக்கும் உரிமையாளரும், மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்கும் ஊழியரும் ஒரே தட்டில் நிறுக்கப்படக் கூடாது என்றே சொல்கிறேன்.

ஆபத்து எப்போதும் வாசல் வழியாகத்தான் வரும் என்பதுமில்லை. 2022 நவம்பரில் வர்ஜீனியாவின் செசபீக் நகர வால்மார்ட்டில் ஆறு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றவர் அதே கடையின் மேற்பார்வையாளர்.

நான் அமெரிக்கக் குடிமகன். நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடையில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? நான் இல்லாதபோது என் ஊழியர் அதைப் பயன்படுத்தலாமா? – வாசகர், நியூயார்க்

வைத்துக்கொள்ளலாம், உரிமம் பெற்ற பின். வணிகரோ கடைக்காரரோ தம் வணிக இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கென்றே ஒரு வகை உரிமம் நியூயார்க் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அது உங்கள் பெயருக்கும் அந்த இடத்துக்கும் மட்டுமே உரியது. நீங்கள் இல்லாத நேரத்தில் ஊழியர் அதைக் கையிலெடுத்தால், உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு அவர் ஆளாகலாம். நியூயார்க்கில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கிக்கு அது கடுமையான குற்றம். வீட்டுக்குப் போகும்போது கல்லாவின் சாவியோடு அதையும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கடையின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். தாக்குதலாலும் துப்பாக்கியாலும் நேரும் காயங்களுக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை பல பாலிசிகளில் பின்பக்கங்களில் இருக்கும்.

துப்பாக்கி வேண்டாம் என்றால் இரவுக் கடையில் நிற்பவரைக் காப்பது எது? – வாசகி, தஞ்சாவூர்

கொள்ளைக்காரரின் கணக்கில் அந்தக் கடை லாபமற்றதாகவும் வெளிச்சமானதாகவும் தெரிய வேண்டும். இதை ஃபுளோரிடா 1990களின் தொடக்கத்திலேயே சட்டமாக்கியது. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை திறந்திருக்கும் சிறு கடைகளுக்கு அது விதித்தவற்றைப் பாருங்கள். கேமரா வேண்டும், போட்ட பணத்தை ஊழியரால் திரும்ப எடுக்க முடியாத பெட்டகம் வேண்டும், கல்லாவில் 50 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கிறது என்ற அறிவிப்பு வாசலில் கண்ணில் பட வேண்டும், வண்டி நிறுத்துமிடம் வெளிச்சமாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் கவுன்டர் தெரியும்படி சன்னலில் விளம்பரத் தாள்கள் மறைக்காமல் இருக்க வேண்டும், சத்தமில்லாமல் போலீசுக்குத் தகவல் போகும் பொத்தான் வேண்டும். அமெரிக்கக் கடைகளின் கதவோரத்தில் அடிக்கணக்கில் வண்ண நாடா ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுபவர் எவ்வளவு உயரம் என்பதைக் கேமராவும் ஊழியரும் அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதுவும் இந்தச் சட்டத்தில் உண்டு. ஒரு கடையில் கொள்ளை, கொலை போன்ற கடுங்குற்றம் நடந்துவிட்டால் அதன் பிறகு இரவில் இரண்டு ஊழியர்கள், குண்டு துளைக்காத தடுப்பு, காவலர், பூட்டிய கதவில் பணம் வாங்கும் சிறு சன்னல் ஆகியவற்றில் ஒன்றையாவது ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இதற்கு முன்னோடி அதே மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரம். இரவு 8 மணி முதல் அதிகாலை 4 மணி வரை இரண்டு ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று அது 1980களில் விதி செய்தது. கொள்ளைகள் வெகுவாகக் குறைந்ததாக நகரப் போலீஸ் சொன்னது. அந்தக் காலத்தில் கொள்ளையர் சிலர் பிடிபட்டதே காரணம் என்று கடைத் துறையினர் மறுத்தார்கள். இரண்டாவது ஊழியரின் சம்பளம் என்று வரும்போது இத்தகைய சந்தேகங்கள் எழுவது இயல்பு. அண்மையில் கலிஃபோர்னியா, 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான பணியிடங்கள் வன்முறைத் தடுப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்றது. நியூயார்க்கின் கடை ஊழியர் பாதுகாப்புச் சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் 2027 முதல் ஊழியருக்கு உதவி அழைப்புப் பொத்தானும் தர வேண்டும். 1994இல் ஆயிரத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் பணியிடக் கொலைகள் 2023இல் 458ஆக இருந்தன. இந்தக் குறைவு முழுவதையும் கடை அமைப்பின் கணக்கில் எழுத முடியாது. நாடெங்கும் குற்றங்களே குறைந்தன.

கொள்ளை நேர்ந்துவிட்டால், கைகள் தெரியும்படி நில்லுங்கள், "பணத்தை எடுக்க இழுப்பறையைத் திறக்கிறேன்" என்று ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், துரத்தாதீர்கள், அவர் போனதும் கதவைப் பூட்டி அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள், அவர் தொட்ட இடத்தைத் துடைக்காதீர்கள்.

மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா? இங்கிருந்து வாங்கி அனுப்பட்டுமா? – வாசகர், சேலம்

அது துப்பாக்கி அல்ல என்பதால் நான் மேலே சொன்ன விசாத் தடை அதற்குப் பொருந்தாது. ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமானது. ஆனால் வயது, அளவு, வாங்கும் இடம் ஆகியவற்றில் கட்டுப்பாடுகள் உண்டு. கடை நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். குடிபோதையில் கைகலப்புக்கு வருபவரிடமிருந்து விலகி ஓட அது உதவும். துப்பாக்கியை நீட்டி நிற்பவரிடம் அதை எடுக்கவே கூடாது. குறுகலான கவுன்டருக்குள் அடித்தால் அடித்தவர் கண்ணும் சேர்ந்தே எரியும். இங்கிருந்து அனுப்ப வேண்டாம்; விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, தேவைப்பட்டால் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.